கான்கிரீட் எரியாது, ஆனால் தீயில் தோற்கும்: எப்படி?

2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நின்றும் தீ ஒரு நாளைக்கு மேல் அடங்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தை இயந்திரம் வைத்து இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. அதே ஊரில், அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தில் 1975 ஜூலையில் பெருந்தீ பற்றியது. அந்தக் கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் நிற்கிறது. இரண்டுமே கான்கிரீட் கட்டடங்கள்.

கான்கிரீட்டையும் தீயையும் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "கான்கிரீட் வீடுதானே, தீ என்ன செய்துவிடும்?" என்பது ஒன்று. "தீப்பட்டுவிட்டதா, இனி இடிக்க வேண்டியதுதான்" என்பது மற்றொன்று. முதல் பேச்சை நம்பி, எரிந்த கட்டடத்துக்குள் சாமான் எடுக்கப் போகிறவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இரண்டாவதை நம்பி, சீராக்கக்கூடிய வீட்டை இடிப்பவர்கள் வாழ்நாள் சேமிப்பை இழக்கிறார்கள். வெப்பம் எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு நேரம் நின்றது, கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தது ஆகிய மூன்றும்தான் கட்டடத்தின் கதியைத் தீர்மானிக்கின்றன.

எரியாமை வேறு, தாங்கும் நேரம் வேறு

கான்கிரீட்டில் இருப்பவை சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகிய பசை, மணல், ஜல்லி. இவற்றில் தீப்பற்றக்கூடியது எதுவும் இல்லை. கான்கிரீட் தீக்கு இரையாகாது, புகையும் விடாது. இதற்கு 'எரியாமை' என்று பெயர்.

எரியாத பொருள் வெப்பத்தில் வலுவிழக்காது என்று பொருளில்லை. இரும்பும் எரிவதில்லை, ஆனால் உலையில் வைத்தால் வளைகிறது. ஆகவே பொறியாளர்கள் பேசுவது வேறொரு அளவை: 'தீத்தாங்கு நேரம்'. குறிப்பிட்ட ஒரு தீயில் சுவரோ தளமோ தூணோ எத்தனை மணி நேரம் தன் வேலையைச் செய்யும் என்பதே அது. வேலைகள் மூன்று. சுமையைத் தாங்க வேண்டும். பிளந்து தீயை மறுபக்கம் விடக் கூடாது. மறுபக்கத்தின் வெப்பநிலை, தீக்கு முன் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது.

இதைச் சோதிக்க உலகெங்கும் ஒரே மாதிரியான உலைத் தீ பயன்படுகிறது. இந்தத் தீ 5 நிமிடத்தில் சுமார் 576 டிகிரி செல்சியஸைத் தொடும். 30 நிமிடத்தில் 842, ஒரு மணி நேரத்தில் 945, இரண்டு மணி நேரத்தில் 1,049. (இந்தக் கட்டுரையில் எல்லா வெப்பநிலையும் செல்சியஸில்தான்.) துணி, மரச்சாமான், காகிதம் நிறைந்த அறை முழுவதும் பற்றிக்கொண்டால் வரும் வெப்பம் ஏறத்தாழ இந்த அளவில் இருக்கும். பெட்ரோல், ரசாயனக் கிடங்குத் தீ இதைவிட வேகமாக ஏறும்.

'இரண்டு மணி நேரத் தீத்தாங்கு' என்று வரைபடத்தில் எழுதியிருந்தால் இந்தச் சோதனைத் தீயில் இரண்டு மணி நேரம் என்பதே பொருள். ஒரு நாள் முழுக்க எரியும் துணிக் குவியலுக்கு எதிராக எந்தச் சாதாரணக் கட்டடமும் வடிவமைக்கப்படுவதில்லை. தீத்தாங்கு நேரம் ஆட்கள் வெளியேறவும் தீயணைப்பவர்கள் வேலை செய்யவும் கிடைக்கும் அவகாசம்.

மொட்டை மாடியில் தெரிவது

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. அதே நேரத்தில் கீழே அறையின் கூரையைத் தொட்டால் அவ்வளவு சூடு தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் தளம் ஆறத் தொடங்கியிருக்கும், ஆனால் கீழே கட்டிலில் படுத்தவருக்குக் கூரை அனலை இறக்கிக்கொண்டிருக்கும். பகலில் உச்சியில் ஏறிய வெப்பம், தளத்தின் கனத்தைக் கடந்து கீழே வர அத்தனை மணி நேரம் பிடிக்கிறது.

தீயிலும் இதுவே நடக்கிறது, திசை மட்டும் தலைகீழ்: தீ அறைக்குள், தளத்தின் அடியில். கான்கிரீட் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். எஃகு அதைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு வேகமாகக் கடத்தும். இதனால் தீப்பட்ட தளத்துக்குள் வெப்பநிலை அடுக்கடுக்காக இருக்கும். ஒரு மணி நேர உலைத் தீயில், தீயை நோக்கிய முகம் 900 டிகிரியை நெருங்கும்போது, 20 மி.மீ. உள்ளே சுமார் 500 டிகிரி, 40 மி.மீ. உள்ளே சுமார் 300 டிகிரிதான் இருக்கும். இரண்டு மணி நேரமானால் 500 டிகிரிக் கோடு 40 மி.மீ. ஆழத்துக்கு அருகே நகர்ந்துவிடும்.

கான்கிரீட்டின் பெரும்பலம் இந்த மெத்தனம்தான். மேல்தோல் கெட்டாலும் உள்ளே இருப்பது நல்ல கான்கிரீட்டாகவே இருக்கும். வடிவமைப்பாளர்கள் எளிமைக்காக 500 டிகிரிக்கு மேல் சூடேறிய அடுக்கை இல்லாததாகக் கருதிவிட்டு, மிச்சம் உள்ளதை முழு வலுவுடன் கணக்கிடுவதும் உண்டு.

சுருக்கமாக: கான்கிரீட்டில் வெப்பம் முகத்தில் தொடங்கி மெல்ல உள்ளே நகரும். எவ்வளவு ஆழம் போயிற்று என்பதைப் பொறுத்தே சேதம்.

உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர்

இறுகிய கான்கிரீட் உலர்ந்த கல் போலத் தெரிந்தாலும் அதற்குள் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் கலக்க சுமார் 160 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு பகுதி ஆவியாகிப் போகும். மற்றொரு பகுதி நுண்துளைகளில் தங்கும். இன்னொரு பகுதி சிமெண்டோடு வேதிச்சேர்க்கை கொண்டு பசையின் உடலாகவே மாறிவிடும். இந்தச் சேர்க்கைதான் கான்கிரீட்டுக்கு வலு தருகிறது.

தீயில் முதலில் கிளம்புவது துளைகளில் தங்கிய தண்ணீர். 100 டிகிரியைத் தாண்டியதும் அது ஆவியாகத் தொடங்கும். ஆவியாவதற்கு ஏராளமான வெப்பம் தேவை என்பதால் இந்தக் கட்டத்தில் கான்கிரீட்டின் சூடு சற்று நின்று ஏறும். இதுவரை ஈரம் நமக்கு நண்பன்.

அடுத்து, சிமெண்ட் பசையோடு பிணைந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வெளியேறும். பசை சுருங்கும், நுண்விரிசல் விடும். 300 டிகிரி வரை இழப்பு பெரிதல்ல, அதற்கு மேல் வேகமெடுக்கும்.

சுமார் 400 முதல் 500 டிகிரிக்குள் ஒரு முக்கியமான வேதிமாற்றம் நடக்கிறது. சிமெண்ட் இறுகும்போது பசைக்குள் கணிசமான அளவு கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகியிருக்கும். இந்த வெப்பத்தில் அது தன் தண்ணீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. தீ அணைந்த பின், காற்றின் ஈரமோ பீய்ச்சிய தண்ணீரோ பட்டதும் அது மறுபடி நீறும். சுட்ட கிளிஞ்சல் மீது தண்ணீர் தெளித்தால் பொங்கிப் பொடியாவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட்டுக்குள் நடப்பது அதே வினைதான். பருமன் பெருகி, ஏற்கெனவே நலிந்த பசையை உள்ளிருந்தே பிளக்கும். தீயன்று நன்றாகத் தெரிந்த பரப்பு சில நாட்கள், வாரங்கள் கழித்து உதிரத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

ஜல்லி பெருக்கிறது, பசை சுருங்குகிறது

கான்கிரீட்டின் பருமனில் முக்கால் பங்கு மணலும் ஜல்லியும். சூடேறினால் கல் பெருக்கும். பசையோ முதலில் கொஞ்சம் பெருத்துவிட்டு, தண்ணீரை இழந்ததும் சுருங்கத் தொடங்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்கள் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் ஒட்டு விட்டுப்போகும். ஜல்லியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் உண்டாகும்.

எந்தக் கல் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பயன்படும் கருங்கல் ஜல்லியிலும் ஆற்று மணலிலும் குவார்ட்ஸ் என்னும் கனிமம் இருக்கிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு திடீரென மாறிப் பருக்கும். அந்த வெப்பத்தைத் தாண்டிய கான்கிரீட்டில் ஜல்லியே விரிசல் விட்டிருக்கும். சுண்ணாம்புக்கல் ஜல்லி இந்த இடத்தில் மேலானது. அது 700 டிகிரிக்கு மேல்தான் சிதையத் தொடங்கும், சிதையும்போதும் கரியமில வாயுவை வெளியேற்ற வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

யூரோகோட் 2 என்னும் ஐரோப்பிய வடிவமைப்பு விதி, குவார்ட்ஸ் வகை ஜல்லி கொண்ட சாதாரணக் கான்கிரீட்டுக்குச் சூடான நிலையில் எஞ்சும் அழுத்த வலுவை இப்படிக் கொடுக்கிறது: 200 டிகிரியில் 95 விழுக்காடு, 300-இல் 85, 400-இல் 75, 500-இல் 60, 600-இல் 45, 800-இல் வெறும் 15. சுண்ணாம்புக்கல் ஜல்லியாக இருந்தால் 600 டிகிரியிலும் 60 விழுக்காடு எஞ்சும்.

இந்த எண்கள் அந்தந்த வெப்பநிலையில் இருக்கும் அடுக்குக்கு மட்டுமே. 230 மி.மீ. தூணின் முகம் 800 டிகிரியில் இருக்கலாம், நடுப்பகுதி 100 டிகிரியைக்கூட எட்டாமல் இருக்கலாம். "தீ 1,000 டிகிரி, ஆகவே கான்கிரீட் வலு பூஜ்யம்" என்று சொல்வது இதனால்தான் தவறு.

கம்பிதான் உயிர்நாடி

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தளத்திலும் பீமிலும் அடிப்பகுதிதான் இழுபடுகிறது, அந்த இழுவையை ஏற்பது அடியில் போட்ட கம்பி. அறையில் தீப்பிடித்தால் முதலில் சூடேறுவதும் தளத்தின் அடிப்பகுதியே. கட்டடத்துக்கு மிக முக்கியமான கம்பி தீக்கு மிக அருகில் கிடக்கிறது. பல இடிபாடுகளின் மூலம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சாதாரணக் கட்டுமானக் கம்பி 400 டிகிரி வரை ஏறக்குறைய முழு வலுவுடன் இருக்கும். 500-இல் சுமார் 78 விழுக்காடு, 600-இல் 47, 700-இல் 23 என்று சரியும். அன்றாடச் சுமையில் கம்பி தன் வலுவில் பாதிக்கு மேல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் என்பதால், 500 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து எல்லை என்று கொள்கிறார்கள். பாலங்களிலும் பெரிய கூடங்களிலும் இழுத்து முறுக்கேற்றிய கம்பிவடங்கள் போடுவார்கள். அவற்றுக்கு அந்த எல்லை 350 டிகிரிதான். அவற்றின் வலு குளிர்நிலையில் இழுத்து உண்டாக்கியது. சூட்டில் போனால் திரும்ப வராது.

கம்பிக்கும் வெளி முகத்துக்கும் இடையில் உள்ள கான்கிரீட் கனமே 'கவரிங்'. துரு பிடிக்காமல் இருக்கத்தான் கவரிங் என்று பலரும் நினைக்கிறார்கள். தீயில் அதுவே கடிகாரம். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 (2000) தீத்தாங்கு நேரத்துக்கென்றே தனி அட்டவணை தருகிறது. இரு முனைகளில் மட்டும் தாங்கிய தளத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 மி.மீ., இரண்டு மணி நேரத்துக்கு 35, நான்கு மணி நேரத்துக்கு 55. அப்படியான பீமுக்கு இரண்டு மணி நேரத்துக்கு 40 மி.மீ. தூணுக்கு எந்த நேரத்துக்கும் 40 மி.மீ.; ஆனால் நான்கு புறமும் தீப்படும் தூணின் அகலம் ஒரு மணி நேரத்துக்கு 200, இரண்டு மணி நேரத்துக்கு 300 மி.மீ. இருக்க வேண்டும். இந்த அளவு, முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியையும் சேர்த்து, எந்தக் கம்பி முகத்துக்கு மிக அருகில் இருக்கிறதோ அதிலிருந்து எடுப்பது.

பல பீம்களின் மேல் தொடர்ந்து ஓடும் தளத்துக்கு அட்டவணை சலுகை தருகிறது: இரண்டு மணி நேரத்துக்கு 25 மி.மீ. போதும். அடிக்கம்பி சூட்டில் நலிந்தாலும், பீம்களின் மேலே தளத்தின் உச்சியில் போட்ட கம்பிகள் தீயிலிருந்து தள்ளி இருப்பதால் சுமையை எடுத்துக்கொள்ளும். அந்த மேல் கம்பிகளை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

நடைமுறையில் எங்கே கெடுகிறது? கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பதில். கம்பி கட்டி முடித்த பிறகு ஆட்கள் மேலே நடந்து கம்பியை மிதித்துத் தாழ்த்துவதில். மின்குழாயைக் கம்பிக்கு அடியில் நுழைப்பதில். 20 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 10 மி.மீ. ஆகிவிட்டால் கம்பி 500 டிகிரியைத் தொடும் நேரம் ஒரு மணியிலிருந்து அரை மணியாகக் குறையும். 10 மி.மீ. என்பது சுண்டுவிரல் அகலம்கூட இல்லை, ஆனால் அதுதான் மாடியில் சிக்கியவர் இறங்கி வரும் நேரம். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கவர் பிளாக், அதுவும் தளத்தின் கான்கிரீட்டுக்கு ஈடான வலுவில் வார்த்து நீராற்றியது, என்ற ஒழுக்கத்தை எந்தச் செலவுக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பூச்சு வேலை இருக்கிறதே என்பார்கள். சாதாரண சிமெண்ட் பூச்சு தீயில் சீக்கிரமே கழன்று விழும், அதைக் கவரிங்கில் சேர்க்க முடியாது. ஜிப்சம் பூச்சு உதவும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிணைந்த தண்ணீர். அது வெளியேறும் வரை பின்னால் உள்ளதைச் சூடேற விடாது.

சுருக்கமாக: தளமும் பீமும் தீயில் விழுவது பெரும்பாலும் கம்பி நலிவதால். கம்பியைக் காப்பது கவரிங், அதன் கனமே நிமிடங்களாக மாறுகிறது.

வெடித்துச் சிதறல்

மேலே சொன்ன கணக்கெல்லாம் கவரிங் அதன் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. சில தீவிபத்துகளில் அது ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. தீ தொடங்கிய முதல் அரை மணி நேரத்துக்குள் கான்கிரீட்டின் முகம் துண்டு துண்டாக, சத்தத்தோடு, சில நேரம் துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் தெறிக்கும். இதை 'வெடித்துச் சிதறல்' என்போம்.

இரண்டு காரணங்கள் கைகோக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடம் கேட்கும். சூடான முகத்துக்குப் பின்னால் உண்டாகும் ஆவி, வெளியே போக வழியில்லாமல் உள்ளே தள்ளப்பட்டு, குளிர்ந்த அடுக்கில் மறுபடி தண்ணீராகி நுண்துளைகளை அடைக்கும். அந்த அடைப்புக்கு முன்னால் அழுத்தம் ஏறும். இது ஒன்று. மற்றொன்று, வேகமாகச் சூடேறிய முகம் பெருக்க முயல்கிறது, பின்னால் உள்ள குளிர்ந்த கான்கிரீட் விடவில்லை. முகத்துக்கு இணையாகப் பெரும் நெருக்கம் உண்டாகும். நெருக்கம் முகத்தை வளைக்க, ஆவி பின்னாலிருந்து தள்ள, அடுக்கு பெயர்ந்து விழும். உடனே புதிய முகம் தீக்குக் காட்டப்படும். மறுபடி அதே கதை.

இதிலிருந்து பலருக்கு வியப்பளிக்கும் ஒரு முடிவு வருகிறது. நெருக்கமான, உயர்வலுக் கான்கிரீட்தான் இந்த வகையில் அதிக ஆபத்து. சாதாரண எம்20, எம்25 (எண் கூடினால் வலு கூடும்) கான்கிரீட்டில் துளைகள் அதிகம், ஆவி கசிந்து வெளியேற வழி உண்டு. எம்60-க்கு மேல் போகும்போது, அதுவும் சிலிக்கா தூள் சேர்த்துத் துளைகளை அடைத்த கலவையில், ஆவிக்கு வழி இல்லை. ஈரம் இன்னொரு காரணி. எடையில் 3 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இருந்தால் வெடிப்பதற்கு வாய்ப்பு குறைவு என்று யூரோகோட் 2 கொள்கிறது. 3 விழுக்காடு சிறிதாகத் தெரியலாம், ஆனால் ஒரு கன மீட்டருக்கு அது 70 லிட்டருக்கு மேல். வார்த்து சில மாதங்களே ஆன கட்டடமும், நிலத்தடியில் உள்ள சுவரும் இந்த எல்லைக்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம்.

உலகம் இதைக் கற்றுக்கொண்டது சுரங்கப் பாதைகளில். 1994-இல் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் சுரங்கம் தோண்டப்படும்போது தோண்டும் இயந்திரத்தில் பற்றிய தீயும், 1996 நவம்பர் 18 அன்று இங்கிலாந்து-பிரான்ஸ் கால்வாய்ச் சுரங்கத்தில் சரக்கு ரயிலில் பற்றிய தீயும் சுரங்கத்தின் உட்சுவரான உயர்வலுக் கான்கிரீட் வளையங்களைக் கரைத்துத் தள்ளின. கால்வாய்ச் சுரங்கத்தில் மோசமான இடங்களில் வளையத்தின் கனம் ஏறக்குறைய முழுவதுமே உதிர்ந்துபோயிற்று. உயிரிழப்பு இல்லை, ஆனால் அதன்பின் சுரங்க வடிவமைப்பு மாறிவிட்டது.

தீர்வு வியக்கத்தக்க எளிமை கொண்டது. அரிசிச் சாக்கு நெய்யப் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் நெகிழியை மயிரைவிட மெல்லிய இழைகளாக்கி, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2 கிலோ கான்கிரீட்டில் கலப்பார்கள். சுமார் 165 டிகிரியில் இழைகள் உருகிவிடும். அவை இருந்த இடம் மெல்லிய குழாய்களாகி ஆவிக்கு வழிவிடும். கம்பிக்குப் பதிலாகச் சேர்க்கும் பருமனான நெகிழி இழைகளால் இந்த வேலை நடக்காது. இழை மெல்லியதாக, எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருக்க வேண்டும். இழை சேர்த்தால் கலவை இறுகும் என்பதால் வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றி இளக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காமல், கலவை வடிவமைப்பிலேயே இளக்கி ரசாயனம் சேர்க்க வேண்டும்.

நீளும் தளம், ஒடியும் தூண்

தீயின் சேதம் தீப்பட்ட இடத்தோடு நிற்பதில்லை. 10 மீட்டர் தளம் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் சுமார் 30 மி.மீ. நீள முயலும். அது சுற்றியுள்ள தூண்களை வெளியே தள்ளும். தீயே படாத மூலைத் தூணில் சாய்ந்த விரிசல் விழுவது இதனால்தான். எரிந்த அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆய்வு அரைகுறை ஆய்வு.

தூண் மீது பீம் இல்லாமல் நேரடியாக அமரும் தளங்களில் வேறொரு ஆபத்து உண்டு: தளத்தைத் தூண் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். 2004 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் கிரெட்சன்பாக் என்ற ஊரில் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் தீயணைத்துக்கொண்டிருந்தபோது தளம் அப்படி விழுந்து ஏழு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இந்த வகை முறிவுக்கு முன்னெச்சரிக்கை கிடையாது. தளம் தொங்கி, விரிசல் காட்டி நேரம் கொடுக்காது. 2008 மே மாதம் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறையின் பல மாடிக் கான்கிரீட் கட்டடத்தில் தீப்பற்றி, அன்றே ஒரு பகுதி இடிந்தது. கான்கிரீட் கட்டடம் விழாது என்பவர்களுக்கு இந்த இரண்டும் போதும்.

தீ அணைந்த பிறகு

இங்கேதான் மிக ஆபத்தான தவறான நம்பிக்கை இருக்கிறது: தீ அணைந்தால் கான்கிரீட் பிழைத்தது என்பது. மொட்டை மாடிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். முகம் ஆறத் தொடங்கிய பிறகும் உள்ளே ஏறிய வெப்பம் நடுவை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். கனமான தூணின் நடுப்பகுதியும் ஆழத்தில் உள்ள கம்பியும் தம் உச்ச வெப்பத்தைத் தீ அணைந்து சில மணி நேரம் கழித்துத்தான் எட்டும். அதோடு, ஆறிய கான்கிரீட்டின் வலு சூடாக இருந்தபோது இருந்ததைவிடக் குறைவு. ஆறும்போது புது விரிசல்கள் விழும், மேலே சொன்ன சுண்ணாம்பு நீறுதலும் சேரும். கான்கிரீட் இழந்த வலு தானாகத் திரும்பாது. கம்பி அப்படியல்ல, மிதமாகச் சூடேறிய கம்பி ஆறியதும் பெரும்பாலும் பழைய வலுவைப் பெற்றுவிடும். முறுக்கிய பழைய கம்பி 450 டிகிரி வரைதான் அப்படி மீளும். டிஎம்டி கம்பியின் வலு அதன் புறத்தோலைத் திடீரெனக் குளிர்வித்து உண்டாக்கியது என்பதால் 600 டிகிரிக்கு மேல் போயிருந்தால் துண்டு வெட்டி இழுவைச் சோதனை செய்யாமல் நம்பக் கூடாது.

எரிந்த கட்டடத்துக்குள் நுழையும் பொறியாளர் முதலில் தொங்கும் தளங்களுக்கு இரும்பு முட்டுக் கொடுக்கச் சொல்வார். பிறகு சாம்பலை வாரிக் கொட்டுவதற்கு முன் அதைப் படிப்பார். ஜன்னலின் அலுமினியம் உருகி வழிந்திருந்தால் அங்கே 660 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. கண்ணாடி இளகித் தொங்கினால் 700-க்கு மேல். செம்புக் கம்பி உருண்டை கட்டியிருந்தால் 1,080-ஐத் தாண்டியிருக்கிறது. எந்த அறையில் எது உருகியது, எது உருகவில்லை என்பதைப் படமெடுத்துக் குறித்துக்கொண்டால் தீயின் வரைபடம் கிடைத்துவிடும். இடிபாட்டை முதல் நாளே லாரியில் ஏற்றி அனுப்பினால் இந்தச் சாட்சி போய்விடும்.

அடுத்து நிறம். கரியைக் கழுவிவிட்டு உளியால் செதுக்கிப் பார்த்தால், 300 டிகிரியைத் தாண்டிய கான்கிரீட் இளஞ்சிவப்பாக இருக்கும். மணலிலும் ஜல்லியிலும் உள்ள இரும்புச் சேர்மங்கள் தரும் நிறம் அது. 600-க்கு மேல் சாம்பல் வெளுப்பு, 900-க்கு மேல் மங்கிய மஞ்சள். சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் ஆழம் ஓடுகிறது என்பதே சேதத்தின் ஆழம். எல்லா ஜல்லியும் சிவக்காது. ஆகவே சிவப்பு இருந்தால் சேதம் உறுதி; ஆனால் சிவப்பு இல்லை என்பதால் நலம் என்று முடிவுகட்டக் கூடாது.

சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், கழன்ற அடுக்கு பொத்தென்று ஒலிக்கும். இதற்குப் பின் ஒலியலைச் சோதனை, துளையிட்டு எடுத்த உருளைகளை நசுக்கும் சோதனை, கம்பித் துண்டின் இழுவைச் சோதனை. சந்தேகம் தீராவிட்டால் ஐ.எஸ். 456 சொல்லும் சுமைச் சோதனை: தளத்தின் சொந்தச் சுமையோடு பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் வைத்துத் தொய்வை அளந்து, சுமையை எடுத்த 24 மணி நேரத்துக்குள் தொய்வில் குறைந்தது முக்கால் பங்கு மீள்கிறதா என்று பார்ப்பது.

மேல்தோல் 30, 40 மி.மீ. மட்டும் கெட்டிருந்தால் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. கெட்டதை நல்ல கான்கிரீட் தட்டுப்படும் வரை, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்குச் செதுக்கி எடுத்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, கன்னைட்டிங் முறையில் சிமெண்ட் கலவையைப் பீய்ச்சியோ பலகை அடைத்துப் பொடி ஜல்லி கொண்ட மைக்ரோ கான்கிரீட் ஊற்றியோ பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். செய்யக் கூடாதது, கரியைச் சுரண்டிவிட்டுப் பூச்சுப் பூசி வண்ணம் அடிப்பது. உள்ளே உதிரும் கான்கிரீட்டை அது கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. பிவிசி குழாயும் ஒயரும் நிறைய எரிந்திருந்தால் இன்னொரு கேடும் உண்டு. அந்தப் புகையில் வரும் ஹைட்ரஜன் குளோரைடு கான்கிரீட்டில் படிந்து, ஊறி, சில ஆண்டுகள் கழித்துக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பரப்பைக் கழுவி, குளோரைடு அளவைச் சோதித்த பிறகே மூட வேண்டும்.

வீட்டிலும் தெருவிலும்

கல்யாண வீட்டில் மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி விறகடுப்பு மூட்டுவதும், போகியன்று சிமெண்ட் தரையில் பழம்பொருள் கொளுத்துவதும் வழக்கம். தரை 'பட்' என்று வெடித்துச் சில்லு தெறிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது சிறிய அளவில் வெடித்துச் சிதறல்தான். மழைக்குப் பிந்தைய ஈரத் தளத்தில் ஆபத்து அதிகம், சில்லு கண்ணைப் பறிக்கக்கூடும். மொட்டை மாடியில் விறகடுப்பே வேண்டாம், அடியில் இருப்பது வீட்டின் கூரை. தரையில்தான் மூட்ட வேண்டும் என்றால் உலர்ந்த மணலை ஒரு சாண் உயரம் பரப்பி, அதன் மேல் செங்கல் வைத்து மூட்டலாம். கேஸ் கட்டிங் செய்பவர்கள் சுடரைக் கான்கிரீட் தரையை நோக்கிப் பிடிக்காமல், இரும்புத் தகடோ மணலோ போட்டுக்கொள்ள வேண்டும்.

ரொட்டி அடுப்பு, தந்தூர் அடுப்பு, சிறு உலை கட்டும்போது தீ படும் உட்சுவருக்குச் சாதாரண சிமெண்ட் கலவை உதவாது. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் அதன் சுண்ணாம்பு சுட்டு நீறி, சில மாதங்களில் பொடியாகிவிடும். தீச்செங்கல்லும் தீக்களிமண் சாந்தும் போடுங்கள். வார்க்க வேண்டும் என்றால் உயர் அலுமினா சிமெண்டோடு உடைத்த தீச்செங்கல் ஜல்லி கலந்து வார்க்க வேண்டும். முதல் நாளே கொழுந்துவிட்டு எரிக்காமல், சிறு தீயில் சில நாட்கள் மெதுவாகச் சூடேற்றி, உள்ளே உள்ள ஈரம் முழுக்க வெளியேறிய பிறகுதான் முழுத் தீ.